வழு கண்டும் வாய் மூடியிருப்போர்

அண்மையில் புதுச்சேரியில் நடந்த இலக்கியக் கூட்டமொன்றில், நாம் பெரிதும் மதிக்கும் மூத்த பேராசிரியர் ஒருவர் பேசினார். கணினியில் தமிழ் சிதைந்துகொண்டிருக்கிறது, அதைச் சரிசெய்வது கணினிக்காரர்களின் வேலை, நம் வேலை இலக்கியம் என்றார். அவை கைதட்டிற்று. தட்டிய கைகளில் எங்களுடையவையும் இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. நாங்கள் எதற்காகக் கைதட்டினோம்? எங்கள் கையிலேயே ஒரு பிழை அச்சேறிக் கிடக்கும்போது?

அந்தக் கதையைச் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும்.

முதலியார்பேட்டையில், 'ரோடியர் மில்' என்று ஊரார் அழைத்துவந்த ஏ.எஃப்.டி. ஆலைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மாடியறையில் ஞாயிறுதோறும் கூடும் சிலர் நாங்கள். 1898இல் தொடங்கிய அந்த ஆலை 2020இல் மூடப்பட்டுவிட்டது. நாங்கள் இன்னும் மூடப்படவில்லை. பெரும்பாலோர் தமிழ் முதுகலை படித்து, கல்லூரிகளில் பாடம் நடத்துபவர்கள். சங்கப் பாடல்களைத் திணைவாரியாகவும் புலவர்வாரியாகவும் பட்டியலிட்டு, எந்தத் திணையை எத்தனை புலவர் பாடினர் என்று கணக்கிட விரும்பினோம். கையால் எழுதினால் ஆண்டுக்கணக்கில் ஆகும் என்று அஞ்சி, பைத்தான் மொழி அறிந்த மாணவர் ஒருவரின் துணையை நாடினோம். அவர் 'நம்பை' என்னும் திறமூல நூலகத்தைக் கொண்டு வேலையை ஒரே வாரத்தில் முடித்துத் தந்தார். ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்தோம். அது தொகுப்பு நூலிலும் இடம்பெற்றது.

நம்பை என்பது தரவுகளை அணியணியாக அடுக்கிக் கணக்கிடும் கருவி. (அலங்காரத்துக்கும் படைப்பகுதிக்கும் வழங்கிய 'அணி' என்ற சொல் கணினித் தமிழில் இப்பொருளிலும் நிலைபெற்றுவிட்டது, நமக்கு வருத்தமில்லை.) நியூமெரிக், நம்அரே என்று பிரிந்து கிடந்த இரண்டு பழைய நூலகங்களை ஒன்றாக்கி ட்ராவிஸ் ஆலிஃபண்ட் என்பவர் உருவாக்கியது இது. முதல் முழுப் பதிப்பு 2006இல் வந்தது. 2019இல் உலகம் வியந்து பார்த்த கருந்துளைப் படத்தை உருவாக்கிய கணக்குகளிலும் இதற்குப் பங்குண்டு. மூலநிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கிறது. குறை கண்டவர் சொல்லலாம், திருத்தம் தெரிந்தவர் எழுதி அனுப்பலாம், பொறுப்பாளர்கள் ஆராய்ந்து ஏற்பார்கள் அல்லது காரணம் கூறி மறுப்பார்கள். அது எண்களுக்காகப் பிறந்த கருவி. நாங்கள் அதில் சொற்களை ஏற்றினோம்.

மாணவர் செய்தது இதுதான். திணைக்கான அணியில் எல்லா இடங்களையும் முதலில் 'பாலை' என்று நிரப்பிவிட்டு, பிற திணைப் பாடல்கள் வரும் இடங்களில் மட்டும் மாற்றி எழுதினார். சிக்கனமான வழிதான். ஆனால் இவ்வகை அணி, முதலில் வைத்த சொல்லின் நீளத்தையே எல்லா இடங்களுக்கும் அளவாகக் கொண்டுவிடும். 'பாலை' நமக்கு இரண்டெழுத்து. கணினிக்கோ ப, துணைக்கால், ல, ஐகாரக் குறி என்று நான்கு குறியெண்கள். ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு குறியெண் அகலம். அதைவிட நீண்ட சொல்லை வைத்தால், எஞ்சியதை ஓசையின்றி நறுக்கிவிட்டு மேலே போய்விடும். எச்சரிக்கை ஏதும் எழாது.

குறிஞ்சி 'குறி' ஆயிற்று. முல்லை 'முல்' ஆயிற்று. மருதம் 'மருத' என்று நின்றது. நெய்தல் 'நெய்' ஆயிற்று. பாலை மட்டும் பாலையாகவே இருந்தது.

பார்த்தவுடன் தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். மாணவர் வசதிக்காகச் சுருக்கக் குறிகள் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். 'நெய்' என்ற சுருக்கம் கண்டு எங்களில் ஒருவர் நகைச்சுவை கூடச் சொன்னார். நகைத்தோமே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

புலவர் பெயர் அணியில்தான் உண்மையான கேடு விளைந்தது. அங்கே தொடக்கச் சொல் 'கபிலர்'. ஆறு குறியெண். ஔவையார் கடைசிப் புள்ளியை இழந்து 'ஔவையார' ஆனார். வெள்ளிவீதியார் 'வெள்ளி' ஆனார். ஓரம்போகியார் 'ஓரம்போ' ஆனார். இவர்கள் உருக்குலைந்தாலும் தனித்தனியே எண்ணப்பட்டனர். மதுரைப் புலவர்களின் நிலைதான் பரிதாபம். மதுரை மருதன் இளநாகனாரும், மதுரை அளக்கர் ஞாழார் மகனார் மள்ளனாரும், 'மதுரை' என்ற சொல்லுக்குப்பின் இடைவெளி விட்டு எழுதப்படும் இன்னும் சிலரும் ஒரே 'மதுரை' ஆகிவிட்டனர். சங்கத்தில் 'மதுரை' என்றொரு புலவர் தோன்றி, பலர் பாடல்களையும் தாமே பாடிவிட்டார்! எங்கள் கட்டுரையில் பெயர்ப்பட்டியல் இல்லை. மொத்த எண்ணிக்கைகள் மட்டுமே இருந்தன. எண்ணிக்கை குறைந்திருப்பது எவர் கண்ணுக்கும் படவில்லை.

ஒருவர் கண்ணுக்குப் பட்டது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சங்கப் புலவர் பெயர்களில் ஆழ்ந்த புலமையுடைய அன்பர் அவர். கட்டுரையைப் படித்த அன்றே எண்கள் பொருந்தவில்லை என்று கண்டுகொண்டார். கண்டதைத் தம் நண்பர்களிடம் தேநீர்க்கடையில் சொன்னார். 'கணினியை நம்பினால் இப்படித்தான்' என்று சிரித்தார்களாம். எங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை, தொகுப்பாசிரியருக்கும் எழுதவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொருவர் வாயிலாகச் செய்தி எங்களை வந்தடைந்தது. ஏன் ஐயா சொல்லவில்லை என்று கேட்டோம். "உங்கள் மனம் நோகுமே என்றிருந்துவிட்டேன்" என்றார். நம் தமிழுலகின் பண்பாடே இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்று தோன்றுகிறது. முகத்துக்கு நேரே பிழை சொல்வது பகை. முதுகுக்குப் பின்னே சொல்வது புலமை.

பிழை தெரிந்ததும் நாங்கள் செய்த முதல் காரியமும் பெருமைக்குரியதன்று. 'உங்கள் கருவி தமிழை வெட்டுகிறது' என்று நம்பைக்காரர்களுக்குச் சுடச்சுட ஒரு கடிதம் தயாரித்தோம். தமிழுக்கு எதிரான சதி என்ற தொனிகூட அதில் இருந்தது. அனுப்புமுன், இதே குறையை வேறெவரேனும் சொல்லியிருக்கிறார்களா என்று தேடிப்பார்க்கும்படி மாணவர் கேட்டுக்கொண்டார். தேடினோம். இந்த இயல்பு முன்பே அறியப்பட்டிருந்தது. ஆங்கிலச் சொல்லையும் அக்கருவி அதே போலத்தான் வெட்டுகிறது. எல்லா இடமும் ஒரே அகலமாக இருந்தால்தான் கோடிக்கணக்கான எண்களை விரைந்து எட்டமுடியும் என்ற அடிப்படை அமைப்பிலிருந்து பிறந்தது அது. நம் இலக்கணம் இதற்கு அழகான பெயர் வைத்திருக்கிறது: வழுவமைதி. வழுவே ஆயினும் காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்பட்டது. வழுவுக்கும் வழுவமைதிக்கும் வேறுபாடு தெரியாமல் சண்டைக்குக் கிளம்பிய தமிழாசிரியர்கள் நாங்கள்!

2024 சூனில் வந்த நம்பை 2.0 பதிப்பில், எவ்வளவு நீளமான சொல்லையும் வெட்டாமல் ஏற்கும் புதிய சொல்வகை சேர்க்கப்பட்டிருப்பதையும் அப்போதுதான் அறிந்தோம். நேத்தன் கோல்ட்பாம் முதலியோர் அதற்கு முன்மொழிவு எழுதி, எல்லோர் பார்வைக்கும் வைத்து, மாற்றுக்கருத்துகளுக்கு விடை சொல்லி நிறைவேற்றியிருக்கிறார்கள். சொற்களால் பாடுபட்ட பலரின் முறையீடுகள் அதன் பின்னே இருக்கின்றன. அவற்றுள் நம் தமிழ்த்துறைகளிலிருந்து போனவை எத்தனை இருக்கும்? எங்கள் அறையிலிருந்து ஒன்றும் போகவில்லை.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று முதல் வகுப்புக் குழந்தை சொல்லும். நம்பை ஐந்து என்று சொல்லும், புதிய சொல்வகையிலும் அப்படியே. ஒருங்குறியின் குறியெண்களை அது எண்ணுகிறது, எழுத்துகளை எண்ணவில்லை. இது நம்பையின் வழுவன்று. அங்கே போய் முறையிட்டால் பணிவாகத் திருப்பியனுப்புவார்கள். எழுத்தெழுத்தாகப் பிரிக்க முத்து அண்ணாமலை முதலிய நண்பர்கள் வளர்த்த 'ஓப்பன்-தமிழ்' நூலகம் இருக்கிறது. முதற்குறிப்பு அகராதி செய்ய முனைந்தால் மற்றொரு தொல்லை. குறியெண் வரிசையில் ன, ற ஆகியவை முன்னே நுழைந்துவிடுவதால் 'மரம்' என்பதற்கு முன் 'மனம்' வந்து நிற்கும். 'பழம்' என்பதற்கு முன் 'பறவை' வரும். புள்ளி கடைசியில் இருப்பதால் 'அக்கம்' என்பதற்கு முன்னே 'அகம்' வரும். நம் பேரகராதி வரிசை இதற்கு நேர்மாறு. இன்னொன்று: 'கொ' என்பதைக் கணினியில் இரண்டு விதமாக எழுதிவைக்கலாம்; கண்ணுக்கு ஒன்றே, ஒப்பிடும் கருவிக்கு இரண்டு. இந்தக் குறைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வாசலில் தட்ட வேண்டியவை. எந்த வாசல் என்று அறிய இலக்கணமும் தெரிந்திருக்க வேண்டும், கருவியின் உள்ளமைப்பும் சிறிது தெரிந்திருக்க வேண்டும். முன்னதை அறிந்தவர்கள் நாம். ஆகவேதான் 'கணினிக்காரர்கள் வேலை' என்ற கூற்றை ஏற்க மறுக்கிறோம். பறவைக்கு முன் பழம் வரவேண்டும் என்பது அமெரிக்காவில் இருக்கும் பொறியாளருக்கு எங்ஙனம் தெரியும்?

வழுவறிக்கை என்பது ஏதோ அந்நியக் கலை என்ற மயக்கமும் இருக்கிறது. ஒரு நல்ல அறிக்கைக்கு என்ன வேண்டும்? எந்தப் பதிப்பு என்று குறிக்க வேண்டும். பிழையை மீண்டும் தோன்றச் செய்யும் மிகச் சிறிய எடுத்துக்காட்டைத் தர வேண்டும்; எங்கள் செய்திக்கு ஐந்து திணைப்பெயரே போதுமானதாக இருந்தது. எதிர்பார்த்தது இது, கிடைத்தது இது என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். முன்னரே எவரும் சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வசை கூடாது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர் ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தாரே, அந்த வேலைக்கும் இதற்கும் முறைமையில் என்ன வேறுபாடு? தம் பதிப்பைத் தாமே மறுபதிப்புகளில் திருத்தியும் வந்தார் அவர். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிளில் போய்வரும் தொலைவில், தூரக்கிழக்குக்கான பிரெஞ்சு ஆய்வுப்பள்ளியின் புதுச்சேரி மையம் இருக்கிறது. 2008இல் நற்றிணைக்கும் 2010இல் குறுந்தொகைக்கும் ஏவா வில்டன் செய்த செம்பதிப்புகள் அதன் வெளியீடுகளாக வந்தன. எந்தச் சுவடியில் எந்தப் பாடம், எந்த உரையில் எப்படி என்று அடிதோறும் குறித்துவைத்த அப்பக்கங்களை நாம் பாராட்டுகிறோம், மாணவர்க்குக் காட்டுகிறோம். அதே ஒழுங்கோடு ஐந்து வரியில் ஒரு வழுவைச் சொல்லச் சொன்னால், அது நம் துறையன்று என்கிறோம்.

இதற்கு மறுபக்கமும் ஒன்றுண்டு. அதையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. வாய் திறவாதோர் ஒருபுறம் இருக்க, கண்டபடி திறப்போர் நம் நாட்டில் பெருகிவிட்டனர். 2020 அக்டோபரில், நான்கு திருத்தங்கள் அனுப்புவோருக்குச் சட்டை பரிசு என்று டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்திய ஹேக்டோபர்ஃபெஸ்டில், யூடியூபில் வந்த இந்தியக் காணொளி ஒன்றைப் பார்த்து மாணவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, முன்னுரைக் கோப்புகளில் 'அருமையான திட்டம்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினார்கள். உலகெங்கும் பொறுப்பாளர்கள் நொந்துபோக, விரும்பிப் பதிவுசெய்யும் திட்டங்களுக்கு மட்டுமே என்று நடுவழியில் விதியை மாற்றவேண்டியதாயிற்று. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்னும் நூலகத்துக்கும் இதே கதி. பயிற்சி என்ற பெயரில் தத்தம் பெயரை அதன் முகப்பில் எழுதி அனுப்பினார்கள். ஏடு படியெடுத்தவன் நடுவே தன் பாட்டையும் சேர்த்துவிடுவதை நாம் இடைச்செருகல் என்று சொல்லி எள்ளுகிறோம். நம் மாணவர்கள் இதைச் செய்தபோது எந்தக் கல்லூரியில் எந்த ஆசிரியர் கண்டித்தார்? தன்விவரக் குறிப்பில் ஒரு வரி கூடுகிறதென்று வேலைவாய்ப்புப் பிரிவுகள் மகிழ்ந்தன. பிறர் உழைப்பின் மேல் எறியப்படும் குப்பை பங்களிப்பாகாது என்று சொல்லித்தர வேண்டியவர்கள் பதிப்புநெறி கற்ற நாமே.

தோழர் ஒருவர் வேறு கோணத்திலிருந்து எதிர்க்கிறார். பெருநிறுவனங்கள் இந்த நூலகங்களைக் கொண்டு கோடிகளைக் குவிக்கின்றன. அவர்களுக்கு ஏன் நாம் கூலியில்லாமல் உழைக்க வேண்டும் என்கிறார். அவர் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. உலகமே பயன்படுத்தும் நம்பைக்கு நேரடியான நிதி முதன்முதலாகக் கிடைத்ததே 2017இல்தான். பதினோராண்டுகள் பெரும்பாலும் ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் மாலை நேரங்களில் சுமந்திருக்கிறார்கள். 2020இல் நேச்சர் இதழில் அதைப் பற்றி வந்த கட்டுரைக்கு இருபத்தாறு ஆசிரியர்கள். அத்தனை பெரிய கட்டடத்துக்கு அத்தனை சிலர். நிறுவனங்கள் கொடுக்க வேண்டியதைக் கேட்டே தீரவேண்டும். ஆனால் தோழரே, குடிமராமத்து என்று ஒன்று நம்மிடம் இருந்ததே. ஏரியில் தூர் வார வீட்டுக்கு ஓர் ஆள் போகவேண்டும் என்றபோது, பெரிய மிராசுதாரின் வயலுக்கும் அதே தண்ணீர்தான் பாய்ந்தது. மிராசுதார் ஆள் அனுப்பவில்லையென்று சிறுகுடியானவன் மதகை அடைத்துவிட்டுப் போனானா? சண்டை போட்டான், தூரும் வாரினான். நாங்கள் அக்கருவியை ஒரு காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தினோம். எங்கள் பிழை எங்களுக்குப் புரிந்ததும் அதில் முன்பே விளக்கம் எழுதிவைத்திருந்த முகந்தெரியாத மனிதர்களால்தான்.

கல்லூரி நிருவாகங்களைப் பற்றி நீளப் பேசப் போவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியர்க்குப் புள்ளிமுறையைக் கொண்டுவந்த நாள்முதல் கட்டுரை எண்ணிக்கை பெருகியது. எங்களுடைய அந்தத் தவறான கட்டுரைக்கும் புள்ளி கிடைத்தது. அதைத் திருத்தி எழுதும் கடிதத்துக்குப் புள்ளி கிடையாது. இதற்குமேல் என்ன சொல்ல?

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இந்த வேலையை ஓசையின்றிச் செய்துவருவோர் இருக்கிறார்கள். புதுச்சேரியின் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், விழுப்புரத்தின் லினக்ஸ் பயனர் குழுவும் பொறியியல் மாணவர்களைக் கூட்டி இவற்றைக் கற்பிக்கின்றன. அவர்களில் பலர் தமிழ் மீது நம்மைவிடக் குறையாத பற்றுடையவர்கள். அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து, 'இது வழு, இது வழுவமைதி, இது நம் எழுத்துமுறையின் இயல்பு' என்று பிரித்துச் சொல்லத் தமிழ்த்துறையிலிருந்து ஆள் வேண்டும். ஆங்கிலம் தடை என்பதும் முழு உண்மையன்று. நறுக்கப்பட்ட நெய்தலைக் காட்ட எத்தனை ஆங்கில வாக்கியம் தேவை? நிரலே பாதி பேசிவிடும். மீதிக்கு மாணவர் இருக்கிறார்.

எங்கள் பட்டியலை வெட்டுப்படாத சொற்களோடு மீண்டும் செய்து முடித்துவிட்டோம். இம்முறை ஒவ்வொரு பெயரையும் இருவர் ஏட்டுக்கெதிரே வாசித்துச் சரிபார்த்தோம். தேநீர்க்கடை அன்பரையும் அழைத்தோம். வந்தார், மூன்று ஞாயிறு உட்கார்ந்து பன்னிரண்டு இடங்களில் எங்களைத் திருத்தினார். எவர் மனமும் நோகவில்லை. தொகுப்பு நூலை வெளியிட்டோருக்குத் திருத்தம் அனுப்பி ஐந்து மாதமாகிறது. பதில் இல்லை. சென்ற மாதம் புதிய ஆய்வேடு ஒன்றைப் புரட்டியபோது, மதுரைப் புலவர்கள் எல்லோரையும் ஒருவராக்கிய அந்த எண்ணிக்கை எங்கள் பெயரோடு மேற்கோளாக நிற்பதைக் கண்டோம். ஆய்வாளருக்கு அன்றிரவே எழுதிவிட்டோம்.